ஞாயிற்றுக்கிழமை ஜேர்மன்

"தேர்… டீ… தஸ். தேர்… டீ… தஸ்."

துஷ்யந்தி மரியமலர் அக்காவின் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றிக்கொண்டே முணுமுணுத்தாள். கண் மானியில் இருந்தது. வாய் மட்டும் வேறெங்கோ இருந்தது.

மரியமலர் அக்கா பூநகரிப் பக்கத்துக்காரி. மீன் வியாபாரம். சீனி வருத்தத்தால், அதுதான் நீரிழிவால், காலில் வந்த புண் ஆறாமல் எங்கள் கிளிநொச்சி ஆஸ்பத்திரிப் பெண்கள் வாட்டில் பல கிழமையாகக் கிடந்தார். மருந்து கட்டும்போதுகூடச் சத்தம் போடாதவர், அன்று காலை தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"தேர் எங்கை பிள்ளை? எந்தக் கோயில்?"

"ஒண்டுமில்லை அக்கா. பேசாமல் இருங்கோ, பிரஷர் கூடிக் காட்டப் போகுது."

"இல்லை, தேர் எண்டனீர், பேந்து டீ எண்டனீர். நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவள், எனக்குத் தேர் வேண்டாம். டீயை மட்டும் தாரும்."

வாட் முழுக்கச் சிரித்தது. வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் நான். சிரிக்கக்கூடாது என்று மேசையில் குனிந்துகொண்டேன். தோள் குலுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள்.

விசயம் இதுதான். ஜேர்மன் மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் இந்த மூன்றில் ஒன்றைப் போடவேண்டும். ஆண், பெண், இரண்டுமல்லாதது. கரண்டி ஆண். முள்ளுக்கரண்டி பெண். கத்தி இரண்டுமில்லை. ஏன் என்று கேட்கக்கூடாது.

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதை வாசித்த ஒருவர், "பழைய கதையெல்லாம் சரி சிஸ்டர், இப்ப எங்கடை ஆஸ்பத்திரியளிலை ஆக்கள் எங்கை எண்டு ஒருக்கா எழுதுங்கோ" என்று தொலைபேசியில் கேட்டார். எங்கே என்று எனக்குத் தெரியும். அவர்கள் போகிற வழியில் பாதித் தூரம் நானும் போய்ப் பார்த்தவள்.

ஒரே உரை, வேறு பெயர்

ஆள் இல்லாத வாட் எனக்குப் புதிதல்ல. நான் வேலைக்கு வந்த காலத்தில் வன்னியில் ஆஸ்பத்திரியே இடம்பெயர்ந்து திரிந்தது. இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் என்றால் நாளைக்கு ஒரு நெல் களஞ்சியத்தில். மருந்து இராது, மின்சாரம் இராது. இருந்த கொஞ்ச ஆட்களும் போக இடமில்லாததால் இருந்தார்கள்.

சண்டை முடிந்தபிறகு கட்டடங்கள் வந்தன. வெள்ளைத் தரை, தானாகத் திறக்கும் கதவு, பெயர் வாசிக்கத் தெரியாத மெசின்கள். ஆட்கள் மெல்ல மெல்லத்தான் வந்தார்கள், ஆனாலும் வந்தார்கள். கடமைப் பட்டியல் போடுவது ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற வேலையாக இருந்த நல்ல காலமும் எனக்கு உண்டு.

பிறகு பெற்றோல் வரிசைக் காலம் வந்தது. அந்த வரிசைகளில் நின்றபோதுதான் எங்கள் ஆட்கள் யோசிக்கத் தொடங்கினார்கள் என்று நினைக்கிறேன். நாள் முழுக்க ஒரு இடத்தில் நிற்கிறவருக்கு யோசிப்பதைத் தவிர வேறென்ன வேலை?

முதலில் டொக்டர்மார் போனார்கள். மேற்படிப்பு என்று போனார்கள், அவர்களுடைய படங்கள் மட்டும் வட்ஸப்பில் திரும்பி வந்தன. அடுத்து மருந்து கொடுக்கிற இடத்து ஆட்கள், எக்ஸ்றே எடுக்கிறவர்கள். கடைசியில் எங்கள் முறை. சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போய் வேலை செய்யலாம் என்று மேலிடமே கதவைத் திறந்துவிட்டது. நாட்டுக்கு டொலர் வேண்டுமாம்.

மாதம் தவறாமல் ஒரு பிரியாவிடை நடந்தது. றோல்ஸ், கேக், கடைசியில் ஒரு குழுப்படம். உரை ஆற்றுவது சிஸ்டரின் பொறுப்பு. நான் ஒரே உரையைப் பெயரை மட்டும் மாற்றிச் சொல்லிவந்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. போன உரையைக் கேட்டவர்களில் பாதிப்பேர் அதற்குள் போய்விட்டிருந்தார்கள்.

அப்படியான ஒரு மாதத்தில் என் வாட்டில் நாலு பிள்ளைகள் ஒன்றாக வந்து ஞாயிறு காலை லீவு கேட்டார்கள். வவுனியாவில் ஜேர்மன் வகுப்பாம். அந்த நாலு பேரில் ஒருத்தி துஷ்யந்தி. ஓமந்தைப் பிள்ளை, சத்தமில்லாதவள், என் வாட்டின் வலக்கை.

தாதிகளுக்கெல்லாம் மேலான மேற்றன் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்களே லீவு குடுத்து அனுப்பிறியள். பேந்து ஆள் இல்லை எண்டு என்னட்டை வந்து அழுறியள். இது என்ன கதை சிஸ்டர்?"

"இந்த ஞாயிறு நான் போய் அந்த வாத்தியாரோடை கதைக்கிறன் மேற்றன்," என்றேன்.

உண்மையில் சண்டை பிடிக்கத்தான் போனேன்.

இருங்கோ, பிந்திவிட்டீர்கள்

கிளிநொச்சியிலிருந்து பஸ்சில் துஷ்யந்தி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். ஓமந்தை தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

"சிஸ்டர், மாஸ்டரைப் பேசப் போறியளோ?"

"பாப்பம்."

"அவர் நல்லவர் சிஸ்டர். ஆனா பிந்திப் போனால் அவருக்குப் பிடிக்காது."

பஸ் பிந்திவிட்டது. வகுப்பு ஒரு கடைக்கு மேல்மாடியில். தகரக் கூரை, இரண்டு மின்விசிறி, இரண்டும் சத்தம். பெடியங்களும் பெட்டைகளுமாக நிறைந்திருந்தார்கள். பாதிப்பேர் தாதிகள், மிச்சப் பேர் தாதிகளாக வரப்போகிறவர்கள்.

மாஸ்டர் மெலிந்த மனிதர். ஜேர்மனியில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் அரை ஆயுள் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். நான் வாயைத் திறக்கும் முன்னரே கையால் ஒரு கதிரையைக் காட்டினார்.

"இருங்கோ அம்மா. பிந்தி வந்தால் ஜேர்மன் பாசையிலை மன்னிப்புக் கேக்கவேணும். நான் சொல்லுறன், திருப்பிச் சொல்லுங்கோ."

ஒரு வாட் சிஸ்டரை யாரும் இருக்கச் சொல்வதில்லை. நாங்கள்தான் மற்றவர்களை இருக்கச் சொல்வது. எனக்கு என்ன நடந்ததோ தெரியாது, இருந்தேன். திருப்பியும் சொன்னேன். புத்தகம் ஒன்று கைக்கு வந்தது.

"என்ன வேலை அம்மா?"

சொன்னேன்.

"அப்ப சொல்லுங்கோ: இஹ் பின் கிறாங்கன்ஷ்வெஸ்ரர். கிறாங்க் எண்டால் வருத்தம். ஷ்வெஸ்ரர் எண்டால் சகோதரி. அங்கை சனம் இண்டைக்கும் நேர்ஸைச் சகோதரி எண்டுதான் கூப்பிடுதுகள்."

இந்தச் சொல்லில்தான் நான் விழுந்தேன். உலகத்தின் மறுகரையிலும் என்னைச் சிஸ்டர் என்று கூப்பிடுவார்களாம். சண்டை பிடிக்க வந்தது மறந்தே போனது.

அடுத்த ஞாயிறு, பிள்ளைகளைக் கண்காணிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். அதற்கடுத்த ஞாயிறு வீட்டுப்பாடம் செய்துகொண்டு போனேன்.

என் வீடு வட்டக்கச்சியில். இவருக்கு, என் மனுசனுக்கு, வயல். குசினியில் நான் கரண்டிக்கும் கத்திக்கும் ஆண் பெண் பார்ப்பதை இவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். வாய்க்காலில் தண்ணீர் விடுகிற நாட்களில் விடிய முன்னரே போய்விடுவார். அப்படிப் போகிற ஒரு நாள் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"மண்வெட்டி என்ன, ஆணோ பெண்ணோ?"

தெரியவில்லை. அன்று பின்னேரம் தேடிப் பிடித்துச் சொன்னேன். ஆண்.

"நினைச்சனான்," என்றார்.

தலையணைக்கு மூன்று பெயர்

எங்கள் பிள்ளைகள் போன இடத்துக்கு ஆட்களே வரவில்லை என்று சொன்னால் அது பொய். தெற்கிலிருந்து அனுப்பினார்கள். அப்படி வந்தவள்தான் நில்மினி. மொனராகலை. அவளுடைய தகப்பனும் வயல்காரர். வந்த அன்றே ஊருக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்துவிட்டாள். அதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன். அந்த வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

சிங்களப் பிள்ளை, தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நாங்கள் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை, அதற்கு யாருக்கு நேரம்? நோயாளிகளிடமிருந்து அவளாகவே பொறுக்கிக்கொண்டாள். பெண்கள் வாட் என்றால் பாதிக் கட்டில்களில் வயது போனவர்கள். ஆகவே இருபத்து நாலு வயதுப் பிள்ளை எழுபது வயதுத் தமிழ் பேசத் தொடங்கினாள்.

ஒருநாள் பெரிய டொக்டர் வாட் சுற்றி முடித்து ஒரு கையெழுத்தை மறந்துவிட்டுப் போகப் பார்த்தார். நில்மினி பின்னால் ஓடினாள்.

"ஐயா! எணை ஐயா! இதிலை ஒரு கையெழுத்து வையணை!"

தாய் தகப்பனையும் வயது போனவர்களையும் செல்லமாகக் கூப்பிடுகிற 'எணை'யைத் தன்னை நோக்கிக் கேட்ட டொக்டர் நின்றுவிட்டார். பேனையை எடுத்து, மிகவும் பணிவாகக் கையெழுத்து வைத்தார்.

அவளும் துஷ்யந்தியும் நல்ல கூட்டு. ஒருத்தி தமிழ் படிக்கிறாள், மற்றவள் ஜேர்மன் படிக்கிறாள். கட்டில் விரிக்கும்போது ஒன்றைத் தூக்கிக் காட்டி இருவரும் மாறி மாறிச் சொல்வார்கள்.

"தலையணை."

"கொட்டய."

"கிஸ்ஸன்."

மரியமலர் அக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு தலையணைக்கு மூண்டு பேர் இருக்கோ? அப்ப எனக்கு இன்னும் ரெண்டு வரவேணுமே. கொண்டு வாங்கோ."

கால் புண்ணை உயர்த்தி வைக்க அவருக்கு இன்னொன்று உண்மையாகவே தேவைப்பட்டது. நில்மினி எங்கேயோ போய் ஒன்றைக் கொண்டுவந்தாள். எங்கே எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு, வகுப்பு இல்லை

மழைக் காலம். டெங்கு. வாட்டில் கட்டிலுக்கு மேல் நோயாளர். அந்தக் கிழமைதான் எங்கள் நாலு பேரில் ஒருத்தி விமானம் ஏறியிருந்தாள். ஞாயிறு கடமைக்கு ஆள் காணாது. நான் வகுப்பை விட்டுவிட்டு வாட்டுக்குப் போனால், அங்கே எனக்கு முன்னால் துஷ்யந்தி நிற்கிறாள். லீவு அவளுக்கு எழுதியிருந்தேன்.

"ஏன் பிள்ளை போகேல்லை?"

"நீங்கள் போகேல்லைத்தானே சிஸ்டர்," என்றாள். அவ்வளவுதான். கையைக் கழுவப் போய்விட்டாள்.

கதவோரக் கட்டிலில் ஒரு இளம் தாய் இருந்தாள். சின்னப் பிள்ளையைப் புருசனிடம் விட்டுவிட்டு வந்தவள். முதல் மூன்று நாள் நெருப்பாய்க் கொதித்தாள். அன்று காலை காய்ச்சல் விட்டுவிட்டது. புருசனுக்குச் சந்தோசம். பின்னேரம் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்.

மத்தியானம் போல் துஷ்யந்தி என்னிடம் வந்தாள்.

"சிஸ்டர், அந்தப் பிள்ளை என்னோடை கதைக்கிறேல்லை."

"நித்திரையாக்கும்."

"இல்லை. காலமை முழுக்கத் தன்ரை மகனைப் பற்றித்தான் கதைச்சவா. இப்ப நான் கேட்டாலும் வேறை எங்கையோ பாக்கிறா. கை குளிருது சிஸ்டர்."

நான் போய்க் கையைப் பிடித்தேன். பிரஷர் ஓரளவு சரியாகக் காட்டியது. கை மட்டும் ஐஸ். டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, ஆள் சத்தமில்லாமல் கீழே போய்விடும். கடமையில் இருந்த டொக்டர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவந்தார். சேலைன் ஏறியது. ஒவ்வொரு பதினைந்து நிமிடமும் துஷ்யந்தி அந்தக் கட்டிலடியில் நின்றாள். நில்மினி மற்றக் கட்டில்களையெல்லாம் தானே எடுத்துக்கொண்டு வாட்டுக்குள் பறந்தாள்.

பின்னேரம் அந்தத் தாய் கண்ணைத் திறந்து, "அவன் சாப்பிட்டவனோ?" என்று கேட்டாள். மகனைத்தான். துஷ்யந்தி சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டதைக் கண்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். இவளை விடக்கூடாது. ஒரு வாட் சிஸ்டர் நினைத்தால் வழியா இல்லை? எல்லா ஞாயிறும் கடமை போட்டால் முடிந்தது. அடுத்த மாதப் பட்டியலை எழுதும்போது அவளுடைய பெயரில் பேனை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஞாயிறு லீவு என்று எழுதினேன். எனக்கும் எழுதினேன்.

பார்வையாளர் நேரம் முடிந்தது

பரீட்சை கொழும்பில். நானும் துஷ்யந்தியும் ஒன்றாக ரயிலில் போனோம். அவள் வழி முழுக்கப் படித்தாள். நான் வழி முழுக்க வடை சாப்பிட்டேன். எனக்கென்ன, நான் பாஸ் பண்ணி என்ன செய்யப் போகிறேன் என்ற நினைப்பு.

பேச்சுப் பரீட்சைக்கு இரண்டு இரண்டு பேராக உள்ளே விடுவார்கள். எனக்கு வாய்த்த சோடி காலிப் பக்கத்துப் பெடியன். தலைப்பைத் தந்தார்கள்: உங்கள் நண்பர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பார்க்கப் போவதைப் பற்றி இருவரும் கலந்து பேசுங்கள்.

பெடியன் தொடங்கினான். பின்னேரம் ஏழு மணிக்குப் போவோம்.

"முடியாது," என்றேன் ஜேர்மனில். "பார்வையாளர் நேரம் ஆறு மணியோடு முடிந்தது."

அப்படியென்றால் பூக்கள் கொண்டுபோவோம்.

"பூ வேண்டாம். வாட்டில் தும்முவார்கள்."

எங்கள் வகுப்பு நண்பர்கள் எல்லோரும் போவோம்.

"இரண்டு பேர் மட்டும். கட்டிலில் இருக்கக்கூடாது. சத்தம் போடக்கூடாது. கை கழுவவேண்டும்."

பெடியன் வியர்த்துப்போனான். பரீட்சகர் இரண்டு பேரில் ஒருவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். எனக்கு இலக்கணம் எங்கெங்கே பிழைத்ததோ தெரியாது. ஆனால் வாழ்நாள் முழுக்கச் சொன்ன வசனங்கள், எந்தப் பாசையிலும் வரும்.

துஷ்யந்தி வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"எல்லாம் தெரியும் சிஸ்டர். தொண்டை மூடிட்டுது."

முடிவு வந்த நாள் அவள் ஓடிவந்து முதலில் சொன்னது, "சிஸ்டர், நீங்கள் பாஸ்!" என்றுதான். முகம் முழுக்கச் சிரிப்பு. "நீர்?" என்று நான் கேட்டபிறகுதான், "பேச்சு மட்டும் பெயிலாப் போட்டுது. பரவாயில்லை, திருப்பி எடுக்கலாம்," என்றாள்.

மாஸ்டர் விடவில்லை. ஜேர்மனியில் ஒரு சின்ன நகரத்து ஆஸ்பத்திரி ஆள் தேடுகிறதாம், வயது பிரச்சினை இல்லையாம், நேர்முகத்துக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டாராம். நான் இவரிடம் சொன்னேன். மகன் மட்டக்களப்பில் கம்பஸில் படிக்கிறான். வீட்டில் நாங்கள் இருவரும்தான்.

"போறதெண்டால் போம்," என்றார் இவர். நெல்லுச் சாக்குக்கு மேல் இருந்து காலில் சேறு கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் தனிய என்ன செய்வியள்?"

"சமைப்பன். வயலைப் பாப்பன். எனக்காக நிக்கிறன் எண்டு மட்டும் ஒருநாளும் சொல்லிப் போடாதையும். அந்தப் பாரம் எனக்கு வேண்டாம்."

அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இவர் மறிப்பார், அதைச் சாட்டி நிற்கலாம் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன் போல. இனி நான்தான் யோசிக்கவேண்டும்.

தலைகீழ் மணிக்கூடு

நேர்முகம் மாஸ்டரின் வகுப்பறையில், மடிக்கணினியில். மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். துஷ்யந்தி எனக்குத் துணையாக வந்து வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் மூலையில் நின்று, முதுகை நிமிர்த்தும்படி கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

திரையில் வந்தவருடைய பெயர் பிரிகிற்ற. நரைத்த கட்டைத் தலைமயிர். சட்டையில் நெஞ்சுப் பக்கம் ஒரு மணிக்கூட்டைத் தலைகீழாகக் குத்தியிருந்தார். நானும் அப்படித்தான் குத்துவேன். குனிந்தால் நேராகத் தெரியும், கை கழுவவும் வசதி. பார்த்த உடனேயே விளங்கிவிட்டது, இந்த மனுசியும் ஒரு வாட் சிஸ்டர்.

"ஏன் ஜேர்மனிக்கு வர விரும்புகிறீர்கள்?"

இதற்கு மாஸ்டர் ஒரு பதிலைப் பாடமாக்கித் தந்திருந்தார். உங்கள் நாட்டின் பண்பாடும் ஒழுங்கும் என்று தொடங்கும். பண்பாடு வரைக்கும் வந்தேன். மிச்சம் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

"என்னுடைய தாதிகள் ஜேர்மனிக்குப் போகிறார்கள். எங்கே போகிறார்கள் என்று பார்க்க வந்தேன்."

மாஸ்டர் தலையில் கை வைத்தார். பிரிகிற்ற பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு, எனக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்கள் வாட்டில் இரவில் எத்தனை பேர்?"

இரண்டு விரலைக் காட்டினேன். சில நாள் என்று சொல்லி ஒன்றை மடக்கினேன். அவரும் தன் கையைத் தூக்கி இரண்டு விரல் காட்டினார். அவருடைய தாதிகள் சுவிஸுக்குப் போகிறார்களாம். அங்கே சம்பளம் கூடவாம். சுவிஸ்காரர் எங்கே போகிறார்கள் என்று கேட்க எனக்கு அவ்வளவு ஜேர்மன் போதாது.

நேர்முகம் என்பதே மறந்துவிட்டது.

"உங்களுக்கு நல்ல தாதி வேண்டுமா?" என்று நான் கேட்டேன்.

"வேண்டும்."

"வெளியில் வாங்கில் ஒருத்தி இருக்கிறாள்."

இதைச் சொல்லத்தான் அன்று போனேன் என்று சொன்னால் அது பொய். காலையில் சேலை உடுத்தபோதுகூட எனக்குப் போகத்தான் விருப்பம். நல்ல சேலை ஒன்றைத்தான் எடுத்து உடுத்தினேன். ஆனால் அந்தத் தலைகீழ் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, என் வாட்டிலிருந்து ஒரு ஆளை இன்னொரு சிஸ்டருக்குக் கொடுப்பதென்றால் யாரைக் கொடுப்பேன் என்று ஒரு கணம் யோசித்தேன். விடை நான் இல்லை.

பெயரைச் சொன்னதும் பிரிகிற்ற, மாஸ்டர் அனுப்பிய வகுப்பு முடிவுகளில் அதைத் தேடினார்.

"பேச்சில் தவறியவரா?"

"ஓம். அவள் அதிகம் பேசமாட்டாள். அவள் பார்ப்பாள்." டெங்கு வந்த அந்தத் தாயைப் பற்றி, எனக்குத் தெரிந்த கட்டை கட்டையான வசனங்களில் சொன்னேன். கை குளிர். பிரஷர் சரி. அவள் பார்த்தாள். தாய் பிழைத்தாள்.

பிரிகிற்ற ஏதோ எழுதினார். "திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வேலைத்தலத்துக் கேள்வி ஒன்றைக் கேட்டார். "அவர் இங்கே வந்தால், அங்கே அவருடைய வேலையை யார் செய்வது?"

"இஹ்," என்றேன்.

நான் என்று அர்த்தம்.

"உங்களை ஆர் கேட்டது?"

துஷ்யந்தி சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். வவுனியா பஸ் நிலையத்தில் வைத்துச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

"உங்களை ஆர் கேட்டது? நீங்கள் போகவேணும் எண்டுதான் நான் இருந்தனான்! உங்களுக்குத்தான் பாசை வருது. எனக்கு வராது. நீங்கள் இந்த வாட்டுக்குள்ளையே கிடந்து சாகப் போறியளோ?"

பஸ்சுக்கு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

"சாகேல்லை பிள்ளை. பட்டியல் போடப் போறன்."

"பகிடி விடாதையுங்கோ சிஸ்டர்!"

"பகிடி இல்லை. எனக்கு அங்கை போய் நாலு பேரை மேய்க்க விருப்பம். உமக்கு அங்கை போய் வருத்தக்காரரைப் பாக்க விருப்பம். அவைக்குத் தேவை பாக்கிற ஆள். தொண்டையைத் திறக்கப் பழகும், மிச்சம் வரும்."

ஓமந்தையில் அவள் இறங்கினாள். கோபத்தில் சொல்லாமல்தான் இறங்கினாள். பஸ் வெளிக்கிட்டபோது ஓடிவந்து என் யன்னலுக்குக் கீழே தகரத்தில் ஒரு அடி அடித்துவிட்டு நின்றாள்.

தொண்டையைத் திறக்க வழி ஒன்று செய்தோம். தேத்தண்ணி நேரத்தில் வாட்டுக்குள் ஜேர்மன் தவிர எதுவும் பேசக்கூடாது. என்னிடம் சீனி கேட்பதென்றாலும் ஜேர்மன். நில்மினி நடுவராக இருந்தாள், ஒரு சொல்லும் விளங்காமல் இருவருக்கும் புள்ளி போட்டாள். துஷ்யந்தி இரண்டாம் தரம் எடுத்ததில் பாஸ். அவளுடைய பிரியாவிடையில் என் வழக்கமான உரை பாதியில் நின்றுபோனது. மிச்சத்தை மேற்றன் சொல்லி முடித்தார்.

கொஞ்ச நாளில் நில்மினிக்கும் இடமாற்றம் வந்தது. என்னைக் கட்டிப்பிடித்து, "போட்டு வாறன் எணை சிஸ்டர்," என்று மூக்கை உறிஞ்சினாள். இப்போது அவளுடைய இடத்தில் அநுராதபுரத்துப் பிள்ளை ஒருத்தி. துஷ்யந்தியின் இடத்தில் இன்னும் யாரும் இல்லை. முல்லைத்தீவிலிருந்து நாலைந்து பிள்ளைகள் தாதியர் பயிற்சியில் இருக்கிறார்களாம், வருவார்களாம். படிக்கும்போதே ஞாயிறு வகுப்புக்கும் போகிறார்களாம். வரட்டும். வந்து கொஞ்ச நாளாவது நிற்கட்டும்.

அதுவரைக்கும் சொன்ன சொல்லின்படி நான் அவளுடைய கடமையையும் சேர்த்துப் பார்க்கிறேன். முழங்கால் கொஞ்சம் முறைப்பாடு சொல்கிறது.

வருத்தம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. பனி விழுவதைப் பார்க்க எனக்குப் பெரிய ஆசை இருந்தது. வெட்கத்தில் அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, இவரிடம்கூட.

போன மாரியில் ஒருநாள், மருந்து கட்டுகிற நேரம், துஷ்யந்தி வீடியோவில் எடுத்தாள். தொப்பி, கம்பளிக் கழுத்துத் துணி, சிவந்த மூக்கு.

"சிஸ்டர், வெளியாலை பாருங்கோ! கொட்டுது!"

"கை வேலையா நிக்கிறன் பிள்ளை. பேந்து எடும்."

"பேந்து கரைஞ்சிடும் சிஸ்டர். இப்ப பாருங்கோ."

அவள் தொலைபேசியை ஒரு யன்னலுக்குப் பக்கம் திருப்பினாள். நடக்கக்கூடிய பெண்கள் எல்லோரும் கட்டிலை விட்டு எழும்பி என் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். "ஆனையிறவிலை உப்புக் குவிச்ச மாதிரி," என்றார் ஒருவர். "அவ்வளவு உப்பை என்ன செய்வினம்?" என்று மற்றவர் கேட்டார். வரிசையில் காலை நீட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா தன் முறை போனாலும் பரவாயில்லை, தனக்கும் காட்டச் சொன்னார்.

நான் கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அது நிற்கும்வரை பார்த்தேன்.